மூன்றாவது கூப்பாடு

"ஸ்ரீ நிதாய் கயேன்" என்று அவைத்தலைவர் கூப்பிட்டார்.

பதில் இல்லை. கடைசிக்கு முந்தைய வரிசையில், தூண் ஓரமாக, வேட்டியும் கசங்கிய ஜிப்பாவுமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். சபையே அவரைத்தான் பார்த்தது. அவரோ மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, கூப்பிட்டவரைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்ரீ நிதாய் கயேன்." இரண்டாவது தடவை. மனிதர் அசையவில்லை.

கொல்கத்தா சட்டசபையில் சுருக்கெழுத்து நிருபராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே, உறுப்பினர்களைப் பார்த்தபடி எங்கள் மேஜை. பக்கத்தில் என் மேலதிகாரி பிமல்தா. "பாவம், காது கேக்காதோ?" என்று அவரிடம் கிசுகிசுத்தேன். "பொறு. இன்னும் ஒரு தடவை இருக்கு" என்றார்.

மூன்றாவது தடவை கூப்பிட்டதும் அவர் எழுந்தார். "ஆச்சி" என்றார். வங்காளத்தில் 'இருக்கிறேன்' என்று அர்த்தம். பிறகு தன் கேள்வியைக் கேட்டார். சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று ஏலம் போடுகிற இடத்துக்கா வந்து சேர்ந்தோம் என்று நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

காதை நம்பிப் பிழைத்தவர்கள்

இந்தத் தொடரில் போன வாரம் சட்டசபை கேன்டீன் மீன் குழம்பின் வாசனையைப் புகழ்ந்து எழுதப்போய், சைவக் குடும்பத்துப் பெண் இப்படி எழுதலாமா என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். அம்மா, நான் முகர்ந்தேன், அவ்வளவுதான். முகர்ந்ததை மறைக்க என்னால் ஆகாது.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்ததே சுருக்கெழுத்தை நம்பித்தான். தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த தமிழனுக்கு அன்று கொல்கத்தா கம்பெனிகளில் மரியாதை இருந்தது. பாலிகஞ்சில் ஒரு மாடி வீட்டில் குடியேறினார். சாப்பாட்டு வேளையில் ரேடியோவில் செய்தி வைத்துவிட்டு, "எழுது, விசாலம்" என்பார். ரசம் ஆறிப்போகும். நானும் எழுதி எழுதி, வங்காளச் சுருக்கெழுத்தும் கற்று, அரசாங்க வேலைக்கே வந்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் அர்த்தத்தைக் கேட்கக் கூடாது. ஒலியைத்தான் கேட்கவேண்டும். அர்த்தத்துக்குள் போனால் கை நின்றுவிடும். எங்களுக்குப் பெரிய எதிரி, மனிதர்களின் பெயர்கள். ஒரு பெயர் வந்தால் கோடும் வளைவும் போதாது, முழு எழுத்தாக எழுதவேண்டும். அதற்குள் பேச்சு நாலு வாக்கியம் தாண்டிப் போயிருக்கும்.

நிதாய் பாபு பேசினால் மட்டும் என் பென்சில் தடுக்கவே தடுக்காது. நான் அதைக் கவனிக்கவே சில வருஷங்கள் ஆயின. அவர் யார் பெயரையும் சொல்லமாட்டார். "அந்தப் பக்கத்து நண்பர்" என்பார். "பாசனத்துறையைப் பார்க்கிறவர்" என்பார். "எங்க ஊர்ல மாடு வளக்கிற ஒரு அம்மா" என்பார். என்னையும் "மா" என்றுதான் அழைத்தார். மனைவியைக்கூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதில் அதிசயம் என்ன, எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை "இங்க பாரு" என்றே ஐம்பது வருஷம் ஓட்டினார். ஆனால் ஒரு அரசியல்வாதி யாரையும் பெயர் சொல்லாமல் இருப்பது எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. பெயர் சொல்லித் திட்டுவதும் பெயர் சொல்லிப் புகழ்வதும்தானே அவர்கள் பிழைப்பு.

சேற்றுக்கால் எம்.எல்.ஏ.

அவர் தொகுதி தெற்கே, நதிகள் கடலில் கலக்கிற தீவுகளில் இருந்தது. அங்கே நிலம் தாழ்ந்தும் நீர் உயர்ந்தும் இருக்கும். நடுவில் ஒரு மண் கரை. கரை இருக்கும்வரை நெல் விளையும். கரை உடைந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து, வயல் சில வருஷத்துக்கு வெறும் வெள்ளைத் தரையாகக் கிடக்கும்.

நிதாய் பாபு அந்தக் கரை ஓரத்துச் சின்ன விவசாயி. அவர் ஊரில் கரை ஒரு இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப உடைந்தது. மண் கொட்டினார்கள், மூங்கில் தட்டி வைத்தார்கள், எதுவும் நிற்கவில்லை. அவர் பாசன அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஊர்க்காரர்கள், "எப்படியும் நடக்கத்தான் போற, எம்.எல்.ஏ.வாகி நட" என்று தேர்தலில் நிறுத்திவிட்டார்கள். ஜெயித்தார். அடுத்ததிலும் ஜெயித்தார். அப்புறம் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. ஆட்சி மாறியது, கொடி மாறியது, தூண் ஓரத்து நாற்காலியில் அவர் மட்டும் மாறாமல் இருந்தார்.

மழைக்காலக் கூட்டத்தொடரில் நடவு வந்துவிட்டால் மனிதர் காணாமல் போவார். திரும்பி வரும்போது கால் நகங்களில் சேற்றுக் கறை இருக்கும். எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் கட்டிலை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் படுப்பார். வீட்டு அரிசியை மூட்டையாகக் கொண்டு வந்து தானே வடித்துச் சாப்பிடுவார்.

மனு கொடுக்க வருகிற தொகுதி ஜனங்கள் அவரை வயலிலேயே பிடிப்பார்களாம். வரப்பில் நின்று மூன்று முறை கூப்பிடுவார்கள். அதற்கு முன் அவர் நிமிரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். தேர்தல் கூட்டத்தில் கோஷம்கூட மூன்று முறைதானாம். எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்து பார்த்தார்கள். ஓட்டு குறையவில்லை.

சபையில் அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. அந்த இடத்தில் கல் கரை எப்போது? எந்த மந்திரி இருந்தாலும் பதிலும் ஒன்றுதான். "பரிசீலனையில் உள்ளது." அந்த வார்த்தையை என் கை தூக்கத்திலும் எழுதும்.

மழைக்குள் கேட்ட குரல்

ஒருநாள் மத்தியானம் கேன்டீனில் தேநீரோடு அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். என் வாய் சும்மா இருக்காது. "மூணு தடவ கூப்பிட்டாத்தான் எந்திரிப்பேன்னு என்ன வீம்பு?" என்று கேட்டே விட்டேன். அவர் பேசியது வங்காளம். என் காதில் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"நிஷின்னு கேள்விப்பட்டிருக்கியா, மா?"

கேள்விப்படாமல் இந்த ஊரில் வளர முடியுமா? பக்கத்து வீட்டு மாஷிமா, எங்களுக்குப் பெரியம்மா மாதிரி, சின்ன வயதில் எங்களை அதைச் சொல்லித்தான் மிரட்டுவார். நிஷி ஒரு பேய். நமக்கு வேண்டியவர்களின் குரலில் வந்து பெயர் சொல்லி அழைக்கும். பதில் சொன்னால் அதன் பின்னாலேயே போய்விடுவோம். ஆனால் அதனால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மூன்றாவது கூப்பாடு வந்தால் அது மனிதர்தான்.

"அது ராத்திரியிலதானே வரும்?" என்றேன்.

"அடுத்த ஆள் மூஞ்சி தெரியாம மழை அடிச்சா, பகலும் ராத்திரியும் ஒண்ணுதான்" என்றார்.

அவருக்கு கௌர் என்று ஒரு தம்பி. வாலிப வயதில் இருவரும் கரை உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பகல், ஆனால் கொட்டும் மழை. மூங்கில் தட்டியின் முன் முனையைத் தம்பி பிடித்திருந்தான், பின் முனையை இவர். ஊரே மண் சுமந்துகொண்டிருந்தது. அப்போது முன்னால் இருந்து, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, "கௌர்" என்று ஒரு குரல் கூப்பிட்டது.

"யார் குரல்?" என்றேன்.

"என் குரல்."

எனக்குப் புரியவில்லை. "நீங்கதான் கூப்பிட்டீங்களா?"

"நான் அவனுக்குப் பின்னாடி நிக்கேன், மா. வாய்ல வேட்டி முனையக் கடிச்சிருக்கேன். நான் எப்படிக் கூப்பிட? ஆனா என் குரல்தான். எனக்கே தெரியுது. 'வாரேன் அண்ணே'ன்னு அவன் தட்டிய விட்டுட்டு நடந்து போனான். உடைப்புக்குள்ள இறங்கிப் போயிட்டான்."

உடல் கிடைக்கவில்லை. அந்தக் குரலை ஊரே கேட்டிருந்தது, அண்ணன் கூப்பிட்டுத்தான் தம்பி போனான் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரும் அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றார். அன்றிலிருந்து அவர் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூன்றாவது கூப்பாட்டுக்கு முன் யாருக்கும் பதில் சொல்வதும் இல்லை.

தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவர் ராமலிங்கத்திடம் சொன்னேன். வங்கி அதிகாரி, எதையும் நம்பாத மனிதர். "புயல்ல காத்து ஊளையிட்டிருக்கும், விசாலம். மனுசன் பாவம், சும்மா விடு" என்றார். ஆனால் அன்று அவர் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை

வருஷங்கள் ஓடின. பிமல்தா ஓய்வு பெற்றார். எங்கள் மேஜைக்குக் காதில் மாட்டும் கருவி வந்தது, சபையில் எந்த மைக் திறந்திருந்தாலும் அதில் கேட்கும். நிதாய் பாபு தளர்ந்துவிட்டார். அடுத்த தேர்தலில் அவருக்கு இடமில்லை என்று கட்சி சொல்லிவிட்டது. அவரும் தலையாட்டிவிட்டார்.

அந்தக் கடைசிக் கூட்டத்தொடரில் நாற்காலியில் இருந்த அவைத்தலைவர் புதியவர். நேரத்தைக் கறாராகப் பார்ப்பவர். பெயரை ஒரு தடவைதான் சொல்வார். எழுந்தால் சரி, இல்லையென்றால் அடுத்தவர். விதியும் அப்படித்தான். பழைய அவைத்தலைவர்கள் மூன்று தடவை கூப்பிட்டதுதான் சலுகை. நிதாய் பாபுவின் கேள்வி ஒரு தடவை இப்படியே போயிற்று. மறு வாரமும் போயிற்று.

கடைசி வாய்ப்பு வந்தது. அன்று காலை தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். வெளியே புரட்டாசி வெயில் சுட்டது, அவர் கைகள் மட்டும் ஈரமாக இருந்தன.

"மந்திரி இன்னைக்குச் சபையில ஒத்துக்கிட்டா கரை வந்துரும். இல்லன்னா எனக்கப்புறம் அந்த ஒரு இடத்துக்காக எவனும் கேக்க மாட்டான். என் பொஞ்சாதி அந்தக் கரைக்குப் பின்னாடிதான் இருக்கா. ஊரும் அங்கதான் இருக்கு."

"செயலாளர்ட்ட சொல்லி மூணு தடவ கூப்பிடச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாம், மா. முதல் கூப்பாட்டுக்கே எந்திரிக்கேன்" என்றார்.

கேள்வி நேரம் தொடங்கியது. முந்தைய கேள்விக்கு யாரோ ஒரு மந்திரி சாவகாசமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் கை எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவே, என் காதுக் கருவியில், தெளிவாக ஒரு பெயர் கேட்டது.

"கௌர்."

நிதாய் பாபுவின் குரல். எத்தனையோ வருஷமாக எழுதிய குரல், எனக்குத் தெரியாதா? தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. உதடுகள் வெள்ளையாகிக் கிடந்தன. அவருடைய மைக்கில் விளக்கு எரியவில்லை.

அவர் எழுந்தார். "ஆச்சி" என்றார். சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மந்திரி பேச்சை நிறுத்தினார். அங்கங்கே சிரிப்பு எழுந்தது. "நான் இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையே" என்றார் அவைத்தலைவர். பிறகு முதியவரின் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "அடுத்தது உங்கள் கேள்விதான். எழுந்துவிட்டீர்கள், கேளுங்கள்" என்றார்.

அவர் கேட்டார். பாசனத்துறை மந்திரி, "அந்த இடத்தில் கல் கரை கட்டப்படும். வரும் மழைக்கு முன் முடியும்" என்றார். பரிசீலனை என்ற வார்த்தை வரவில்லை. என் கைதான் பழக்கத்தில் அதை எழுதப் பார்த்தது.

பக்கத்து நிருபரிடம், ஒரு பெயர் கேட்டதா என்று விசாரித்தேன். கேட்கவில்லை என்றார்.

தாழ்வாரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிட்டீங்களே? அதுவும் உங்க பேரே இல்லாததுக்கு?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கும் கேட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அன்னைக்கு அவன் வாய் திறக்கும் முன்னாடி அவனுக்குப் பதிலா நான் 'ஆச்சி' சொல்லியிருக்கணும், மா. இன்னைக்குத்தான் சொல்ல முடிஞ்சுது" என்றார்.

அன்று முழுக்க அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. காலி அரிசிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்.

தண்ணீர்ப் பக்கத்துப் படிகள்

கரை வந்தது. சொன்னபடி மழைக்கு முன்பே வந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தேன். ஒருநாள் அவர் மனைவி போன் செய்தார். நான் அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் அழைப்பேன்.

"நீ ஒரு தடவ வந்து அவர்ட்ட பேசு. தெனமும் மத்தியானம் கரைக்குப் போயி தம்பி பேரச் சொல்லிக் கூப்பிடுதாரு."

"கூப்பிட்டுட்டுப் போகட்டுமே, பௌதி. மனசு ஆறும்."

"அதுக்குச் சொல்லல. இப்ப அவரு வீட்டுக்குள்ள என் முன்னாடி உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காரு" என்றார். குரல் தணிந்துவிட்டது. "கரையிலயும் அவரு குரல் கேக்குது. எது அவருன்னு எங்களுக்குத் தெரியல. ஊர்ல எல்லாரும் கதவச் சாத்திக்கிடுதாங்க."

மறுநாளே நானும் என் கணவரும் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் தெற்கு ரயில் பிடித்தோம். ரயில், பிறகு ஆட்டோ, பிறகு படகு. வழியெல்லாம் அவர் காற்றைப் பற்றியும் எதிரொலியைப் பற்றியும் எனக்கு வகுப்பு எடுத்துக்கொண்டே வந்தார். ஊருக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு நாய்கூட வெளியில் இல்லை. என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

கணவரை பௌதியோடு வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கரையேறினேன். நிதாய் பாபு தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தார். கரை நல்ல உறுதியான வேலை. தண்ணீர்ப் பக்கம் கல் படிகள் இறங்கின. அதை எஞ்சினியரிடம் அவரே கேட்டு வாங்கியதாகப் பௌதி சொல்லியிருந்தார். அங்கே படகுத்துறை கிடையாது, குளிக்கவும் யாரும் வருவதில்லை.

"கௌர்" என்று கூப்பிட்டார். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"பொஞ்சாதி வரச் சொன்னாளா?"

"ஆமா. எல்லாரும் பயந்து கெடக்காங்க. நீங்க வீட்டுல இருக்கையில இங்க குரல் கேக்குதாமே."

"எனக்கும் கேக்குது. அதுவும் அவனைத்தான் கூப்பிடுது. ரெண்டு தடவ கூப்பிடும், நின்னுரும். அதுக்கு அவ்வளவுதான் முடியும்." படிகளைக் காட்டினார். "என் குரல நம்பித்தான் அவன் இறங்கிப் போனான், மா. அதே குரலுக்கு ஏறி வரமாட்டானா? அதான் படி கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "அப்போ மூணாவது தடவையும் கூப்பிட வேண்டியதுதானே? அதால முடியாதது உங்களால முடியுமே. நீங்கதான்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். இந்த ஊரும் கதவத் தொறக்கும். ஏன் ரெண்டோட நிறுத்திட்டுத் திரும்புதீங்க?"

அவர் மேல்படியில் உட்கார்ந்தார். பேசியபோது சபையில் நான் கேட்டிராத குரல் அது.

"நாந்தான்னு தெரிஞ்சும் அவன் வரலன்னா?"

அவரை நிறுத்தச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். சொல்லவில்லை. கூடவே வீடுவரை நடந்து வந்தேன். பௌதியிடம் மட்டும், கதவைச் சாத்துகிறவர்கள் சாத்திக்கொள்ளட்டும், அவரை அவர் போக்கில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கணவரோடு படகேறினேன்.